காலி மனைக்கு வரி

மாமா,

பக்கத்துப் போர்ஷனில் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். அந்த ஈர நெடி குழந்தையின் பால் டம்ளர் வரைக்கும் ஏறிவிட்டது. அடுத்து எங்கள் போர்ஷன். நாங்கள் இன்னும் காலி செய்யவில்லை. அதற்குள் வெள்ளையடிப்பவன் வாசலில் வந்து நின்று எங்கள் சுவரைக் கண்ணால் அளந்துவிட்டுப் போகிறான்.

இந்த நெடி வந்தாலே உங்கள்மேல் கோபம் வருகிறது. செத்துப்போன மாமனார்மேல் கோபப்படக்கூடாதாம், அத்தை சொல்கிறார். நான் படுகிறேன்.

ஆவடி குவார்ட்டர்ஸில் வெள்ளையடிப்பது உங்கள் ஃபாக்டரியின் வேலை. அதனாலோ என்னவோ, அந்த வீடு உங்களுடையது என்றே நினைத்துவிட்டீர்கள். முருங்கை வைத்தீர்கள். துணி துவைக்கும் கல்லை உங்கள் கையாலேயே பதித்தீர்கள்.

வெள்ளானூரில் மனை போட்ட தரகர் ஒருநாள் சைக்கிளில் வந்தாரே, நினைவிருக்கிறதா?

"அண்ணாத்தே, இப்ப வுட்டா அப்பால கெடைக்காது."

"வாங்கினவன் ஒருத்தனாவது வீடு கட்டினானாய்யா? முள்வேலி போட்டுட்டு விலை ஏறட்டும்னு உட்கார்ந்திருக்கான். காலி மனைக்கு வருஷா வருஷம் வரி போடணும். தன்னால விலை இறங்கும், இல்லாதவனும் வாங்குவான்" என்றீர்கள்.

"போடற அன்னிக்கு சொல்லியனுப்பு, மால வாங்கியாறேன்."

அந்தக் குவார்ட்டர்ஸ் வரிசையே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். வயிற்றில் பிள்ளையோடு கதவோரம் நின்ற நான் சிரிக்கவில்லை. நமக்கு ஒன்று வாங்கிவிடலாமே என்றேன். "குவார்ட்டர்ஸ் இருக்கறப்ப எதுக்கும்மா? வாங்கி நானும் முள்வேலிதான் போடணும்."

ரிட்டயர் ஆகும் முன்பே மார்வலி உங்களைக் கொண்டுபோனது. வேலைக்குப் போனவர் இல்லையென்றால் வீடும் இல்லை. முருங்கையில் காய் தொங்கத் தொங்கச் சாமான்களை வண்டியில் ஏற்றினோம். இன்று வெள்ளானூரில் விலை கேட்கக்கூட எங்களால் முடியாது.

இங்கே ஐயப்பன்தாங்கலில் எங்களுக்குப் பதினோரு மாத ஒப்பந்தம். அதற்குமேல் இருக்கவிட்டால் உரிமை கொண்டாடுவோம் என்று வீட்டுக்காரர்களுக்குப் பயம். குடியிருப்பவரைக் காக்க வந்த சட்டமே எங்களைப் பெட்டி தூக்க வைக்கிறது. வரி, சட்டம் என்று டீக்கடையிலும் அத்தனை பேசினீர்களே, இதை யோசித்தீர்களா?

காலையில் வீட்டுக்கார அம்மா வந்தார்.

"இன்னாமா, இன்னும் பொட்டி கட்லியா? கொயந்த வேற செவுரெல்லாம் கிறுக்கி வச்சிகீது."

"மாடி பூட்டித்தானே கிடக்கு? அதையாவது கொடுங்களேன்."

"கெடக்கட்டுமே. குடி வச்சா எவன் எய்ந்து போறான்?"

எனக்கு என்ன வந்ததோ. "பூட்டி வைக்கிற வீட்டுக்கு வருஷா வருஷம் வரி போடணும்" என்றேன்.

வெள்ளையடிப்பவன் சுண்ணாம்பு மட்டையைக் கீழே போட்டுச் சிரித்தான். அந்த அம்மா சிரிக்கவில்லை. "இந்த வாய்க்கு எவன்மா ஊடு குடுப்பான்? ஞாயித்திக்கெயமைக்குள்ள கெளம்பு."

நாளை நசரத்பேட்டையில் வீடு பார்க்கப் போகிறோம். "எங்கப்பா மாதிரி அங்க போய்ப் பேசிடாதே" என்று உங்கள் பிள்ளை கும்பிடாத குறையாகச் சொல்லியிருக்கிறார். அங்கேயும் ஒரு போர்ஷன் பூட்டிக் கிடக்கிறதாம்.

ஒரு மனையை விட்டுப்போகாத மனிதர், இந்த வாயை மட்டும் எதற்கு விட்டுப்போனீர்கள்? குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்து நிற்கப் பார்க்கிறேன், மாமா. சத்தியம் செய்ய மாட்டேன்.