ஒட்டிக்கொண்ட ‘ஓ’ பக்கங்கள்

காத்தான்குடி
14.06.2009

அன்பின் நதாலி,

உன் படம் நேற்றுக் கிடைத்தது. நாட்டில் சண்டை முடிந்த பிறகு தபால் கொஞ்சம் வேகமாக வருகிறது. மெல்பேர்ண் குளிருக்குத் தொப்பி போட்டு நிற்கிறாய். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை. படத்தின் பின்னால், ‘என் ஓல்ட் ஃப்ரெண்ட் இர்ஷானாவுக்கு’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாய்.

டச்பார் கரையில் கடல் கொண்டுபோன உங்கள் வீட்டையும் கடிதத்தில் ‘ஓல்ட் ஹவுஸ்’ என்கிறாய். அந்த வீடு இப்போது இல்லை. அப்படியென்றால் நானும் இல்லை. வகுப்பில் ஆங்கிலத்துக்குக் கூடிய புள்ளி எனக்குத்தான். ‘ஓல்ட்’டுக்கு எதிர்ச்சொல் ‘நியூ’. அந்தப் புதியவளின் பெயர் என்ன?

உன் டடாவின் ஆங்கில–தமிழ் அகராதியைச் சுனாமிக்கு முந்திய கிழமை நான் இரவல் வாங்கியதால்தான் அது மிஞ்சியது. எங்கள் வீட்டிலும் தண்ணீர் ஏறி, ‘ஓ’ எழுத்துப் பக்கங்கள் ஒட்டிப் பலகைபோல் ஆகிவிட்டன. ‘நான் வரும்வரை வைத்திரு’ என்றாய். இனி அது என்னிடம் இருப்பது சரியில்லை. அடுத்த மாதம் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

“கோவம் ஆறினதுக்குப் பொறகு எழுதுகா” என்றார் உம்மா. ஆறிய பிறகுதான் எழுதுகிறேன்.

இர்ஷானா

மெல்பேர்ண்
05.07.2009

என் கோபக்காரி இர்ஷானா,

மம்மிக்கு உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். “இவள் இன்னும் அதே இர்ஷானாதான். கடிதத்திலயும் மூஞ்சிய நீட்டுறாள்” என்று சிரித்தார்.

படத்தில் நிற்பவள் பக்கத்து வீட்டு லோரா. அவளுடைய தங்கை பிறந்து மூன்று கிழமை. அந்தக் குழந்தையையும் இங்கே ‘த்ரீ வீக்ஸ் ஓல்ட்’ என்றுதான் சொல்கிறார்கள். இப்போது சொல், அது கிழவியா? டடாவின் அகராதியைப் பார், மண்டு.

ஆனால் அனுப்பிவிடாதே. வழியில் தொலைந்தால் நான் தாங்கமாட்டேன். டடாவின் கையெழுத்து எங்களிடம் ஒரு துண்டுகூட இல்லை. தச்சுப் பென்சிலால் அவர் அதில் எங்கோ எழுதுவார் என்று ஞாபகம். ஏதாவது இருக்கிறதா? டிசம்பரில் அவருடைய ஐந்தாம் வருட நினைவுப் பூசைக்கு வருகிறோம்.

நதாலி

காத்தான்குடி
26.07.2009

அன்பின் நதாலி,

ஒட்டாத பக்கங்கள் எல்லாவற்றையும் பார்த்தேன். ஒரு கோடும் இல்லை. கடைசியில் கேத்தலைக் கொதிக்கவைத்து, ‘ஓ’ பக்கங்களை ஆவியில் பிடித்து, உம்மாவின் ஊசியால் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். மூன்று நாள் ஆனது. ஒரு மூலை கிழிந்துவிட்டது. மன்னித்துக்கொள்.

‘ஓல்ட்’டுக்குப் பத்துக்கு மேல் பொருள் போட்டிருக்கிறது. நான்காவது: நெடுநாளாகப் பழகிய. பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு முதல் பொருளோடு நிறுத்திவிட்டார்கள்.

அந்தச் சொல்லுக்குப் பக்கத்து வெள்ளையில்தான் உன் டடா, வோல்ட்டர் அங்கிள், எழுதியிருக்கிறார். தடித்த பென்சில், ஆங்கிலம். ‘நதாலி ஒன் இயர் ஓல்ட்.’ அதற்குக் கீழே டூ, த்ரீ. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு வரி. ஏழில் எழுத்துப்பிழை விட்டு வெட்டித் திருத்தியிருக்கிறார். லெவனோடு நிற்கிறது.

உம்மா அந்தப் பக்கத்தைத் தொடாமல் பார்த்துவிட்டு, “இத தபால்ல போடாத புள்ள. அவள் வந்து கையால வாங்கட்டும்” என்றார்.

அனுப்பமாட்டேன். லெவனுக்குக் கீழே இடம் இருக்கிறது. அளந்து பார்த்தேன், ஐந்து வரி கொள்ளும். பன்னிரண்டிலிருந்து பதினாறு வரை நீ வந்து எழுது. தச்சுப் பென்சில் ஒன்று வாங்கிச் சீவி வைத்திருக்கிறேன்.

உன் பழைய சிநேகிதி,
இர்ஷானா