கிழக்கு ஸ்டாண்டில் குதிக்காதீர்கள்

மார்ச் 3, திங்கள்

நேற்று சொந்த மைதானத்திலேயே மூன்று கோல் வாங்கித் தோற்றோம். கோல் போடத் தெரிந்த இரண்டு பேரையும் கிளப் முதலாளி ஜனவரியிலேயே விற்றுவிட்டார். பதிலுக்கு ஒருவரையும் எடுக்கவில்லை. அவருக்குக் கண் ஆட்டத்தின் மேல் இல்லை, மைதானம் இருக்கும் நிலத்தின் மேல்.

காலையில் வழக்கம்போல் ஒரு சுற்று வந்தேன். பதினான்கு வருஷமாக இங்கே பராமரிப்பு மேற்பார்வை என்னுடையது. ரசிகர்கள் நிற்கும் கிழக்கு ஸ்டாண்டுக்கு அடியில் இருக்கும் நடைவழியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கான்கிரீட் துண்டு கிடந்தது. அண்ணாந்து பார்த்தேன். உத்திரத்தில் விரிசல், துருத்தண்ணீர் வழிந்த கறை. மானேஜரிடம் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 5

மானேஜர் சொன்னது: "முதலாளி இந்த கிளப்புக்கு ஒரு செங்கல் கூட வாங்கித் தர மாட்டார்மா. பூசி பெயின்ட் அடிச்சிடுங்க."

அடித்துவிட்டேன். நானே. கறை மறைந்துவிட்டது, விரிசல் உள்ளேதான் இருக்கிறது.

மார்ச் 8

தம்பி மத்தியானம் சாப்பிட வந்தான். அவன் வெல்டர். ரசிகர் சங்கத்தில் அவனுக்கு 'வெடி' என்று பேர், தொண்டை அப்படி.

"அந்த ஆளு கிளப்ப வாங்கி ஒன்பது வருஷம் ஆச்சுக்கா. அவன் வெளிய போகணும்னு வர்ற சனிக்கிழமை ஆட்டத்துல ஒன்பதாவது நிமிஷம் கிழக்கு ஸ்டாண்டுல எல்லாரும் ஒண்ணா குதிக்கப் போறோம். ஸ்டாண்டே அதிரணும். டிவில தெரியணும்."

கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தேன்.

"எத்தன பேரு?"

"மூவாயிரம். கூட வந்தாலும் வரும்."

தண்ணீர் குடித்தேன்.

மார்ச் 9

சொல்லவில்லை. விரிசலைப் பற்றித் தம்பியிடம் ஏன் சொல்லவில்லை? வேலை போய்விடும் என்றா? பூசி மறைத்தது நான்தான் என்று தெரிந்துவிடும் என்றா?

மார்ச் 11

விரிசல் பெயின்ட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டது. சுண்டுவிரல் நுனி உள்ளே போகிறது. நேராகத் தம்பியின் பட்டறைக்குப் போனேன். பெயின்ட் அடித்தது வரை எல்லாவற்றையும் சொன்னேன். முகமூடியைத் தூக்கிவிட்டு என்னையே பார்த்தான்.

"உன்ன யாருக்கா அனுப்பினா? மானேஜரா?"

"யாரும் அனுப்பலடா."

"ஒன்பது வருஷமா பேசாம கெடந்த விரிசல், நாங்க போராட்டம்னதும் வாயத் தொறந்துடுச்சா?"

என் தம்பி. நான் தூக்கி வளர்த்தவன். முகமூடியை இறக்கிக்கொண்டு நெருப்பைப் பற்றவைத்தான். நான் அங்கே நிற்பதே தெரியாத மாதிரி.

மார்ச் 13

விரிசலை எடுத்த போட்டோக்களோடு நகரசபைக் கட்டடப் பாதுகாப்பு அலுவலகம். இன்ஜினியர் லீவாம், திங்கட்கிழமைதான் வருவாராம். ஆட்டம் சனிக்கிழமை என்றேன். "மனு கொடுத்துட்டுப் போங்க" என்றார் கிளார்க். கொடுத்தேன்.

திரும்பி வருவதற்குள் மானேஜர் காதுக்குப் போய்விட்டது. "இன்னொரு தடவ வெளிய வாயத் தொறந்தீங்கன்னா சாவிக்கொத்த வச்சிட்டுக் கெளம்பிடுங்க."

மார்ச் 14

விடிந்தும் விடியாமல் தம்பி மைதான கேட்டில் நின்றான். "காட்டு" என்றான், அவ்வளவுதான். ஏணியில் ஏறி விரிசலில் விரலை விட்டான். கம்பியைச் சுரண்டினான். துரு பொடிப்பொடியாகக் கொட்டியது. இறங்கி வந்து தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இதுக்கு மேலயாக்கா நான் இத்தன வருஷம் குதிச்சேன்?"

கையில் ஒட்டிய துருவைத் தட்டிக்கொண்டே: "நான் வேண்டாம்னு சொன்னா வெல போயிட்டான்னுதான் சொல்லுவாங்க."

"சொல்லட்டும்டா."

"உனக்கென்ன, ஈசியா சொல்லிட்ட."

எனக்கா ஈசி?

மார்ச் 15, சனி

எழுத முடியுமா தெரியவில்லை. எழுதாவிட்டால் தூங்க முடியாது.

தம்பி ஸ்டாண்டு வாசலில் பெஞ்சு மேல் ஏறிக் கத்தினான். "குதிக்காதீங்க! மேல போகாதீங்க! எங்கக்கா கண்ணால பாத்திருக்கா!" பாதிப் பேர் நின்றார்கள். மீதிப் பேர் அவனை இடித்துக்கொண்டு ஏறினார்கள். சங்கத்தில் மேளம் அடிப்பவர், அவனுக்கு உயிர் நண்பர், "எவ்வளவுடா குடுத்தான் முதலாளி?" என்று முகத்தில் காறித் துப்பிவிட்டுப் போனார். தம்பி துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. கத்திக்கொண்டே இருந்தான்.

நான் அடியில், நடைவழியில். ஒன்பதாவது நிமிஷம். தொம். தொம். தொம். முதலில் தூசி. அப்புறம் பொடிக் கற்கள், என் தோளில். உத்திரம் முனகியது. கான்கிரீட் முனகும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

சுவரில் தீ எச்சரிக்கைப் பொத்தான். சைரன் அடித்து, நெரிசலில் யாராவது மிதிபட்டால்? அதுவும் என் தலையில்தானே? — கடவுளே, நான் என்ன பண்ணுவேன், நான் என்ன பண்ணுவேன் — அழுத்திட்டேன்.

இறங்கினார்கள். திட்டிக்கொண்டே இறங்கினார்கள். ஒருவர் காலில் சுளுக்கு, அவ்வளவுதான். ஆட்டம் பாதியில் நின்றது. ஸ்டாண்டு விழவில்லை. எத்தனை பேர் என் முகத்துக்கு நேராகக் கேட்டார்கள், "எங்க விழுந்துச்சு?" என்று.

விழவில்லையே என்று ஒரு நொடி வருத்தமாக இருந்தது. இதை எழுதவே பயமாக இருக்கிறது.

மார்ச் 16

வேலை போய்விட்டது. தம்பியைச் சங்கத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். போன் அடிக்கிறது. எடுத்தால் கெட்ட வார்த்தை. ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கிறேன்.

மார்ச் 17, திங்கள்

இன்ஜினியர் வந்தாராம். வாட்ச்மேன் போன் பண்ணிச் சொன்னார்: "சுத்தியால லேசாத் தட்டினாரும்மா, பானை அளவுக்கு ஒரு துண்டு பேந்து விழுந்துச்சு. மனுஷன் எங்களுக்கு முன்னாடி வெளிய ஓடிட்டாரு." ஸ்டாண்டுக்கு சீல்.

சிரிப்பு வரவில்லை. போய் ஜன்னலைத் திறந்தேன்.

ஏப்ரல் 9

ஆஸ்பத்திரி ஒன்றில் பராமரிப்பு வேலை கிடைத்து ஒரு வாரம் ஆகிறது. முதலாளி இன்னும் அதே முதலாளிதான். சீல் வைத்ததே அவருக்கு வசதியாகிவிட்டது, நிலத்தை விற்கப் பேசுகிறாராம். தம்பி தினமும் கிளப் ஆபீஸ் வாசலில் போய் நிற்கிறான். முதல் நாள் தனியாக நின்றான், இப்போது நாற்பது பேராம்.

சாயங்காலம் மேளக்காரர் போன் செய்தார். பெயரைச் சொன்னதும் வைத்துவிடலாமா என்றிருந்தது.

"வச்சிடாதீங்கக்கா" என்றார். தெருவில் போகும் வண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

"அன்னிக்கு எம்பொண்ண தோள்ல வச்சிருந்தேன்க்கா."

ரொம்ப நேரம் இரண்டு பேருமே போனை வைக்கவில்லை.