கிடங்கில் வைத்த பனை

திங்கள், தை 12

விடியப் பனி. இவரின் முறிந்த இடுப்பைத் திரும்பவும் படம் பிடிக்க யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு. ஓட்டோ குலுங்கும்போதெல்லாம் முனகினார். பின்னேரம் வரை ஆஸ்பத்திரி வாங்கில் காத்திருந்தோம். டொக்டர் பார்த்தது ஒரு நிமிடம். இன்னும் எழும்பக் கூடாதாம்.

வழியில் இவர் கேட்டது ஒன்றுதான். "வியாழக்கிழமை பெர்மிற் கந்தோர் ஆக்கள் வருகினமெல்லே? பனை குருத்து விட்டிட்டுதோ?"

"விட்டிட்டுது."

உண்மைதான். நேற்றுப் பார்த்தேன், விரல் நீளத்துக்குப் பச்சை. வீட்டுக்குப் பின்னால் கல் வெட்டி எடுத்த பள்ளம், அந்தக் கிடங்கை மண்ணால் நிரப்பி, பனை முளைத்து நிற்பதைக் காட்டினால்தான் காணியின் மற்றப் பாதியில் கல் வெட்டப் பெர்மிற். போன முறை மண் தாழ்ந்துவிட்டதென்று கந்தோர்க்காரர் திரும்பிப் போனார்கள். இது கடைசித் தவணை. இந்தக் கல்லை விட்டால் எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை.

வீடு வர இருட்டு. குசினி முழுக்கப் பனங்கிழங்கு அவியும் வாசம். மச்சாள், இவரின் அக்கா, வீட்டைப் பார்த்துக்கொள்ளவென்று உரும்பிராயிலிருந்து வந்தவர். முகமெல்லாம் சிரிப்பு.

"பின்னுக்குப் பாத்தி பாத்தியாய்க் கிழங்கு கிடக்கு, ரெண்டு பேரும் மறந்து போனியள். இனியும் விட்டால் நார் விழுந்திடும். இந்த ஒழுங்கையிலை இருக்கிற பொம்பிளையளையும் கூப்பிட்டு ஒண்டும் விடாமல் கிண்டிப்போட்டன்."

ஒன்றும் விடாமல்.

செவ்வாய்

வெயில். போய்ப் பார்த்தேன். கிடங்கு முழுக்கக் குழி; கிழங்கோடு பனை முளையும் போயிற்று. ஓரத்தில் ஊமல் குவியல், கிழங்கு பிடுங்கிய வெறும் பனங்கொட்டை, அடுப்பெரிக்கவாம்.

மச்சாளை எப்படிக் குறை சொல்ல? ஆடு கடித்தாலும் பாதி தப்பட்டும் என்று இவர் பனங்கொட்டைகளை நெருக்கி வைத்தவர். மண் இறுகாமல் இருக்கப் பாத்தியும் உயர்த்திக் கட்டினார், அசல் கிழங்குப் பாத்தி போல. தை மாதத்தில் அதைப் பார்க்கிற யாருக்கும் இங்கே கை சும்மா இருக்காது. கடைசிப் பாத்தி முடித்த அன்றுதான் இவர் வெட்டாத பக்கத்து விளிம்பில் கால் வழுக்கி விழுந்தார்.

விசயத்தைச் சொன்னேன். மச்சாள் நிலத்தில் குந்தி அழுதார். "அழுதால் முளைக்குமோ?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

நாளைக்கு:
முளைவிட்ட பனங்கொட்டை. அச்சுவேலியில் விசாரிக்க.
இவரின் நோவுக்குக் குளிசை.
இவருக்குத் தெரியக் கூடாது.

புதன்

அச்சுவேலியில் கொட்டை இல்லை. எல்லா வீட்டிலும் கிண்டி முடித்தாயிற்று. ஒரு வீட்டில், "ஆவணியிலை பழம் விழேக்கை வாங்கோ அக்கா, வேணுமெண்ட அளவு பொறுக்கலாம்." ஆவணியில் எனக்கு எதற்கு?

பின்னேரம் மச்சாளும் நானும் வேலியோரத்து வடலிகளை, இளம் பனைகளை, கிண்டி எடுத்துக் கிடங்கில் வைத்தோம். பேர்த்து வைத்த பனை பிடிக்காது, தெரியும். ஆழத்தில் வேர் அறுகிற சத்தமும் கேட்டது. வைத்தோம். வாளி வாளியாகத் தண்ணீர். கையெல்லாம் பனைமட்டைக் கருக்குக் கீறல்.

இவர் உள்ளேயிருந்து, "என்ன மண்வெட்டிச் சத்தம்?"

"வாய்க்கால் வெட்டுறம்."

இவர் இரவும் சாப்பிடவில்லை. விழுந்த நாளிலிருந்து இப்படித்தான், இரண்டு வாய், பிறகு தலையைத் திருப்பிக்கொள்வார். பிள்ளையாரே, ஒரு நாளைக்கு மட்டும் அந்த ஓலைகள் நிமிர்ந்து நிற்கட்டும்.

வியாழன்

முகில். கந்தோரிலிருந்து ஒரு மிஸ், சின்ன வயது, தொப்பி. கூட ஒரு டிரைவர்.

மண்ணின் ஆழம் பார்த்தார். சரி. சரிவு, சரி. கிணற்றுத் தண்ணீர் உப்பில்லை, சரி.

பிறகு வடலி. ஓலையெல்லாம் சோர்ந்து கிடந்தன. மிஸ் ஒன்றை இரண்டு விரலால் பிடித்தார். கையோடு வந்துவிட்டது.

"அம்மா, இது நேற்று வைச்சதெல்லே?"

ஊமல் குவியலையும் பார்த்தார். "கிழங்கு கிண்டிப்போட்டியளோ?"

"தெரியாமல் நடந்தது மிஸ். ஆவணியிலை திருப்பி வைக்கிறன். சத்தியமாய்."

"எங்கடை வீட்டிலையும் இப்ப கிழங்குதான் அவியுது. எனக்கு விளங்குது அம்மா. ஆனால் நிக்காத பனையை நிக்குதெண்டு நான் எப்பிடி எழுதுறது? மாசியோடை பெர்மிற் முடியுது."

காலில் விழப் போனேன். பிடித்து நிறுத்தினார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அதை வைத்து நான் என்ன செய்ய? வாகனம் போன பிறகு கிடங்குக்குள் இறங்கி, வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

இவரிடம், "எல்லாம் சரியாம்" என்றேன்.

வெள்ளி

தூறல். கோயிலுக்குப் போகவில்லை. வீட்டில் வேறு கறி இல்லை. மச்சாள் அந்தக் கிழங்கைத்தான் தேங்காய்ப்பூ, பச்சை மிளகாய், உப்புப் போட்டு இடித்தார். ஊட்டினேன். இவர் தலையைத் திருப்பவில்லை. கிண்ணம் முடிந்தது. இன்னும் கேட்டார்.

"நல்ல கிழங்கு. எங்கை வாங்கினனீர்?"

"அச்சுவேலிச் சந்தையிலை."

மென்றுகொண்டே சொன்னார். "எங்கடை பனையளிலை ஒருத்தரும் கை வைக்காமல் பாத்துக்கொள்ளும். கிழங்கு மாதமெல்லே."