எட்டாம் விதி

லிவிவ்,
உக்ரைன், 3 அக்டோபர் 2022

செங்கல் சூளையின் பேரரசி, என் அக்காள் பெற்ற ஆபத்து, படைத்தலைவி சொலோமியாவுக்கு,

மாமாவின் நாற்பதாயிரம் முத்தங்கள். போனைத் திறந்தால் குண்டு விழும் என்கிறாய். சரி, தண்ணீர் வண்டி ஓட்டும் யூர்கோவிடம் நாலு வரியாவது கொடுத்தனுப்பக் கூடாதா?

என் நிலவறை மேசையில் பொம்மைப் படைகளோடு நடந்த ஞாயிற்றுக்கிழமைப் போர்விளையாட்டு ரகளையில் முடிந்தது. எல்லாம் என் எட்டாம் விதியால். தளபதி கட்டளையைச் சீட்டில் எழுத வேண்டும். பகடையில் ஒன்றோ இரண்டோ விழுந்தால் சீட்டு போய்ச் சேராது. சேராவிட்டால் படை பழைய கட்டளைப்படியே நிற்கும். நண்பன் பாவ்லோவின் பீரங்கிப்படை ஆறு சுற்று ஆற்றுக்குள்ளேயே நின்றது. "யோவ் செனோவி, இது விளையாட்டா, தண்டனையா? என் ஆளுங்களுக்குக் கண்ணு இல்லையா?" என்று அவன் கத்திய கத்தலில் மூன்று தெரு தள்ளி டிராம் நின்றுவிட்டது. "நிஜம்னா இதாண்டா," என்றேன். முன்பு இதே மேசையில் உன் குதிரைப்படை சதுப்பில் நின்றே செத்தபோது நீயும் இப்படித்தான் அழுதாய். விதியை நான் மாற்றவில்லை. மாற்றவும் மாட்டேன்.

கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன்.

நிலவறைச் சக்கரவர்த்தி,
செனோவி மாமா

சூளை,
9 அக்டோபர்

அன்புள்ள மாமா,

காலுறை கிடைத்தது. ஒன்று எனக்கு, மற்றது யானைக்கா?

இப்போது நான் உங்கள் மேசைமேல்தான் நிற்கிறேன். 'மறு கட்டளை வரும்வரை சூளையை விடாதே' என்பதுதான் எனக்கு வந்த கடைசிச் சொல். மூன்று நாளாக வயர்லெஸ் செத்துக் கிடக்கிறது. தலைமையிடம் கேட்க அனுப்பிய ஆள் திரும்பவில்லை. இடப்பக்கம் இருந்தவர்கள் போய்விட்டார்கள் போலிருக்கிறது. அங்கே அடுப்புப் புகைகூட இல்லை. சார்ஜண்ட் ஹ்னாத் கேட்கிறார்: "மேடம், கிளம்பச் சொன்ன சீட்டு வழியில எங்கயாவது கெடக்குதோ? நாமதான் தெரியாம நின்னுட்டிருக்கோமோ?"

சீட்டே எழுதப்படவில்லை என்றால், நான் நகர்ந்ததும் பின்னாலுள்ள பாலம் எதிரி கைக்குப் போய்விடும். எழுதப்பட்டிருந்தால், முப்பத்தொரு பேரும் இங்கே வீணாகச் சாவோம்.

பயமாக இருக்கிறது மாமா. விதியை எழுதியவர் நீங்கள்தானே, சொல்லுங்கள். நான் நகரலாமா?

உங்கள்,
சொலோமியா

லிவிவ்,
12 அக்டோபர்

சொலோம்கா, கண்ணே,

நகர்.

எட்டாம் விதியை அடித்துவிட்டேன். அடித்த வேகத்தில் பேனா மேசையைத் துளைத்துத் தரையில் நிற்கிறது. புதிய விதி: கண்ணால் பார்க்கும் தளபதி தன் கண்ணை நம்பலாம். பாவ்லோ சாட்சிக் கையெழுத்துப் போட்டான். அவன் கத்தாமல் போட்டது எனக்குப் பிடிக்கவில்லை.

"அடுத்த வாரந்தான் வண்டி," என்ற யூர்கோவின் காலில் விழுந்து இன்றே கிளப்புகிறேன்.

மாமா

லிவிவ்,
2 நவம்பர்

சொலோம்கா,

யூர்கோ திரும்பவில்லை. இதை யாரிடம் கொடுப்பதென்று தெரியாமலேயே எழுதுகிறேன். உன் அம்மா தினமும் கேட்கிறாள்: "என்னடா எழுதின அவளுக்கு?" நகரச் சொன்னேன் என்கிறேன். "போய்ச் சேர்ந்துச்சா?" என்கிறாள்.

அடித்த விதியில் பாதியை மட்டும் திரும்ப எழுதிக்கொண்டேன். புதுச் செய்தி வராதவரை கடைசிக் கட்டளையே செல்லும். என் கடைசிக் கட்டளை 'நகர்'. ஆகவே நீ நடந்துகொண்டிருக்கிறாய், முப்பது பேரையும் கூட்டிக்கொண்டு, அந்த யானைக் காலுறையோடு.

மற்ற பாதி, சீட்டு சேர்ந்ததா என்று சொல்லும் பகடை. அது என் வலது உள்ளங்கைக்குள் இருக்கிறது. மூன்று வாரமாக விரலை விரிக்கவில்லை. சூப்பைக்கூட இடது கையால்தான் குடிக்கிறேன். இந்தக் கோணல் எழுத்தும் இடது கைதான்.

மாமா