ஐம்பத்தெட்டு லிங்க்

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று முப்பது மெயில். மூன்று பல் மருத்துவர்களுக்காக, ஒரு டைல்ஸ் கடைக்காக. வந்த பதில் இரண்டு, அதில் ஒன்று "இனிமேல் எழுதாதீர்கள்."

சாப்பிடும்போது அத்தான் கேட்டார், "நாலு வருஷமா கேக்கணும்னு இருந்தேன். உன் வேலைதான் என்னம்மா?" அக்காவின் கணவர், லிஃப்ட் மெக்கானிக். எதையும் கழற்றிப் பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். சொன்னேன்: ஒரு வெப்சைட் தேடலில் மேலே வரணும்னா, நல்ல பேர் உள்ள மற்ற வெப்சைட்டுகள் அதுக்கு லிங்க் குடுக்கணும். அதைக் கேட்டு வாங்கித் தர்றது என் வேலை.

"சிபாரிசு பிடிக்கிறே."

"அப்படியும் சொல்லலாம்."

அக்கா சிரிக்கவில்லை. அவள் சிரிக்காதது ஆச்சரியம்.

பிப்ரவரி 14, வெள்ளி

அக்காவுக்கு மார்பில் கட்டி. இடது பக்கம். ஊசியால் எடுத்துச் சோதித்து முடிவும் வந்துவிட்டது. அதேதான்.

ஒரு மாதமாகத் தெரியுமாம். தினமும் குளத்தில் இறங்கி நாற்பது குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். டாக்டரம்மா சொன்னாராம், "சின்னதா இருக்கறப்பவே வந்துட்டீங்க. எடுத்துடலாம்." மார்ச் 3 ஆபரேஷன்.

அத்தான் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பிப்ரவரி 20, வியாழன்

எழுதவே கை வரவில்லை.

அக்கா ஆபரேஷன் வேண்டாமென்று சொல்லிவிட்டாள். அக்குளில் கத்தி வைத்தால் கையைப் பழையபடி தூக்க முடியாமல் போகலாம் என்று யாரோ சொன்னார்களாம். "கை தூக்க முடியலைன்னா நான் குளத்தங்கரையில விசில் ஊதிட்டு நிக்கணும். அதுக்கு இது இருக்கட்டும்." பிறகு அலமாரியிலிருந்து ஒரு பச்சை டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தாள். பொடி. காலையிலும் மாலையிலும் வெந்நீரில். நூறு நாளில் கட்டி கரையுமாம்.

"யாருக்கா சொன்னா?"

"யாரும் சொல்லலை. நானே தேடினேன். முதல்ல வந்தது."

போனை நீட்டினாள்.

அந்தப் பக்கம் எனக்குத் தெரியும். மேலே நீலப் பட்டை, ஓரத்தில் கேள்வி பதில். அந்தக் கேள்விகளை எழுதியவள் நான்.

"பொய்க்கா இது. எல்லாம் பொய்."

"முதல்ல வர்றது பொய்யா இருக்குமா? லைப்ரரி வெப்சைட்லயே இதுக்கு லிங்க் போட்டிருக்காங்கடி. காலேஜ்ல போட்டிருக்காங்க. அவ்வளவு பேரும் முட்டாளா?"

போனை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

உனக்கு நீயே பொய் சொல்லிக்கொள்ளாதே. நடந்ததை எழுது.

போன வருஷம். மார்பகக் கட்டிகளைப் பற்றி ஒரு நல்ல தகவல் பக்கம் இருந்தது. அதை நடத்திய அமைப்பு மூடிப்போக, பக்கமும் செத்துப்போனது. ஆனால் நூலகங்கள், கல்லூரிகள், பெண்கள் சங்கங்கள் எல்லாம் அதற்குக் கொடுத்த லிங்க் அப்படியே கிடந்தது. தட்டினால் வெறும் பிழைச் செய்தி. அதைக் கண்டுபிடித்தவள் நான். எங்கள் வாடிக்கையாளரான பொடிக் கம்பெனியின் வெப்சைட்டில் அதே மாதிரி ஒரு பக்கம் எழுதி வைத்துவிட்டு ஒவ்வொருவருக்கும் மெயில் போட்டேன்: "உங்கள் லிங்க் உடைந்திருக்கிறது. வாசகர்கள் ஏமாறுகிறார்கள். இதோ ஒரு நல்ல பக்கம்." ஐம்பத்தெட்டு பேர் நன்றி சொல்லி மாற்றினார்கள். ஏழே மாதத்தில் முதலிடம். ஆபீசில் கை தட்டினார்கள்.

நான் எழுதியபோது பொடி அதில் இல்லை. இல்லவே இல்லை. லிங்க் எல்லாம் வந்த பிறகு கம்பெனிக்காரர்கள் உள்ளே இருந்ததை மாற்றினார்கள். "ஆபரேஷன் தேவையில்லை" என்று கொட்டை எழுத்தில்.

அதை அக்டோபரில் பார்த்தேன். பார்த்துவிட்டு மூடினேன். அன்றைக்கு டைல்ஸ் கடை வேலை இருந்தது.

பிப்ரவரி 24, திங்கள்

மேனேஜரிடம் போனேன். வாயைத் திறந்தால் "முதல் பக்கம், முதல் பக்கம்" என்பதால் அவருக்கு ஆபீசில் பெயரே முதல்பக்கம். அந்தப் பக்கத்தை இறக்க வேண்டும் என்றேன்.

"ஏத்தச் சொல்லித்தான் கேப்பாங்க. இறக்கச் சொல்லிக் கேக்குற முதல் ஆள் நீங்கதான்."

அக்காவைப் பற்றிச் சொன்னேன். முகம் கொஞ்சம் மாறியது. பேனாவை மூடித் திறந்தார். பிறகு, "நாம பொருள் விக்கலைம்மா. வழிதான் காட்டுறோம். உங்க அக்காகிட்ட நீங்க பேசுங்க" என்றார்.

அக்காகிட்ட பேசறதா? என்னன்னு? நான்தான் செஞ்சேன்னா?

பிப்ரவரி 26, புதன்

முடிவு பண்ணிட்டேன். ஐம்பத்தெட்டு பேருக்கும் என் சொந்தப் பெயரில் எழுதுகிறேன். "அந்தப் பக்கத்தைப் பரிந்துரைத்தவள் நான். அது இப்போது உயிருக்கு ஆபத்து. நீக்கிவிடுங்கள். பதிலாகப் புற்றுநோய் மருத்துவமனையின் பக்கத்துக்கு லிங்க் கொடுங்கள்." மருத்துவமனைப் பக்கம் இருபத்தாறாம் இடத்தில் கிடக்கிறது. அதை ஏற்றணும், இதை இறக்கணும். எனக்குத் தெரிந்த ஒரே வேலை இதுதானே? பக்கம் கீழே போனால் அக்காவே அதன்மேல் நம்பிக்கை இழப்பாள். நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

கடைசி வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

மார்ச் 3, திங்கள்

இன்றுதான் ஆபரேஷன் நாள். அக்கா வழக்கம்போல ஆறு மணிக்குக் குளத்துக்குப் போனாள். அத்தான் வேலைக்குப் போகாமல் சமையலறைக் குழாயைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். அது ஒழுகவே இல்லை.

மார்ச் 6, வியாழன்

ஒன்பது பேர் நீக்கிவிட்டார்கள். பக்கம் இன்னும் முதலிடம்.

மார்ச் 8, சனி

பதினான்கு. முதலிடம். இதென்ன அட்டைப்பூச்சியா, ஒட்டினால் விடாமல் இருக்க?

மார்ச் 10, திங்கள்

ஒரு நூலகர் போனிலேயே கூப்பிட்டார். வயதான குரல், ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக.

"போன வருஷம் இதைப் போடுங்கன்னு எழுதினதும் நீங்கதானே?"

"ஆமாங்க."

"நன்றின்னு பதில் போட்டேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்க."

"எங்க இடத்துல ஒரு லிங்க் போட்டா, அது நாங்க சொன்ன மாதிரி. யாராவது வந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

நீக்கிவிட்டதாகச் சொல்லி வைத்துவிட்டார். கத்தியிருக்கலாம் அவர்.

மார்ச் 13, வியாழன்

வேலை போயிற்று. பொடிக் கம்பெனிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. முதல்பக்கம் என் முகத்தைப் பார்க்காமலே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார். வீட்டில் சொல்லவில்லை. காலையில் கிளம்புகிறேன், ஒரு பொதுப் படிப்பகத்தில் உட்கார்ந்து மீதிப் பேருக்கு மறுபடி எழுதுகிறேன்.

அக்கா இடது தோளைச் சாய்த்து நடக்கிறாள். அவளுக்கே அது தெரியவில்லை.

மார்ச் 19, புதன்

முப்பத்தாறு பேர் நீக்கியாகிவிட்டது. நாலாம் இடம்!

அக்கா இருமினாள். சாதாரண இருமல்தான். சாதாரண இருமல்தானே?

மார்ச் 24, திங்கள்

பதினான்காம் இடம். இரண்டாம் பக்கம். மருத்துவமனைப் பக்கம் மூன்றாவது!

படிப்பகத்திலிருந்து ஓட்டமாக ஓடினேன் குளத்துக்கு. அக்கா தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். குளோரின் வாடை. மூச்சு வாங்க போனை அவள் முன்னால் பிடித்தேன். "இப்ப தேடிப் பாருக்கா. அந்தப் பொடிப் பக்கம் வருதா பாரு."

"நான் எதுக்கு மறுபடியும் தேடணும்?"

"பாரேன்..."

"என்கிட்டதான் இருக்கே." பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் நான்கு தாள் எடுத்தாள். பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறாள். பிப்ரவரியிலேயே. அடிக்கோடு போட்டு. "தினமும் படிக்கிறேன். தைரியமா இருக்கு."

ஒரு மாசம். ஒரு மாசத்தைத் தொலைச்சிட்டேன். அவ மறுபடி தேடவே போறதில்லைன்னு எனக்கு ஏன் தோணலை? தேடலில் முதலிடம் அவளுக்கு ஒரே ஒரு தடவைதான் தேவைப்பட்டது. நான் இறக்கிக்கொண்டிருந்தது எதை? அவளிடம் வாய் திறக்காமல் இருக்கத்தானே இத்தனையும்!

மார்ச் 25, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

காலையில், அவள் பொடியைக் கலக்கும்போது. மெயில்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஐம்பத்தெட்டும். அக்டோபரில் பார்த்ததையும் சொன்னேன். டம்ளரில் கரண்டி சுற்றுவது நின்றது.

"அடிக்கோடு போட்டிருக்கேனே, 'பயப்படாதீர்கள், உங்கள் உடல் உங்கள் பக்கம் இருக்கிறது'. அதுவும் நீ எழுதினதா?"

"ஆமாக்கா."

"அது நல்லா இருந்துச்சு."

பொடி டப்பாவை மூடிக்கொண்டே, "மாசத்துக்கு எத்தனை பேர் படிச்சிருப்பாங்க?"

"பதினோராயிரம்."

டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், எங்கே வைப்பது என்று தெரியாதவள் போல. கடைசியில் என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் 29, சனி

பேசவில்லை. சாப்பாடு வைக்கிறாள். என்னைப் பார்க்காமல் வைக்கிறாள். திட்டுக்கா. ரெண்டு அடியாவது அடி.

ஏப்ரல் 2, புதன்

அத்தான் சொல்லித்தான் தெரிந்தது. நேற்று இருவரும் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். கட்டி வளர்ந்திருக்கிறது. அக்குளில் இரண்டு நெறிக்கட்டி. முதலில் மருந்து, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, அதன் பிறகுதான் ஆபரேஷன்.

"போன மாசமே வந்திருந்தா இவ்வளவு வேண்டியிருக்காதாம்" என்றார். என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அவருக்கு அது வராது. அதனால்தான் தாங்க முடியவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

முதல் மருந்து. "அவ வர வேண்டாம்" என்றாளாம்.

ஏப்ரல் 17, வியாழன்

முடி கொட்டுகிறது. நான் பெருக்கினேன். தடுக்கவில்லை.

மே 20, செவ்வாய்

மூன்றாவது மருந்து. அத்தானுக்கு எங்கோ லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது, ஆட்கள் உள்ளே மாட்டியிருந்தார்கள். அக்கா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, சுவரைப் பார்த்து, "பையை எடுத்துக்கோ" என்றாள்.

நீளமான அறை. ஜன்னலோரம் ஆறு சாய்வு நாற்காலிகள். கட்டி சுருங்கியிருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். எவ்வளவு என்று கேட்டேன், "கேள்வி கேக்காம ஊசியைப் போட விடுங்க" என்று சிரித்தார். சொட்டு இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாற்காலியில் ஒரு அம்மா. முதல் தடவைபோல, கைப்பையை விடாமல் பிடித்திருந்தார். அக்காவிடம் மெல்லக் கேட்டார், "இதெல்லாம் இல்லாம பொடியிலேயே கரையும்ங்கறாங்களே. என் மருமக ஏதோ வெப்சைட்ல பார்த்திருக்கா. இன்னைக்கு எழுந்து போயிடலாமான்னு இருக்கு. நீங்க கேள்விப்பட்டிருக்கீங்களா?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாளோ என்று நினைத்தேன்.

"இவ என் தங்கச்சி," என்றாள், கண்ணைத் திறக்காமலே. "அந்தப் பக்கத்தை மேல கொண்டு வந்தவ. இவகிட்ட கேளுங்க. ஒண்ணு விடாம சொல்லுவா."

அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். ஸ்டூலை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

"என் வேலை என்னன்னா..." என்று ஆரம்பித்தேன்.