கிழட்டுக் கெண்டையும் வெள்ளை முட்டையும்

மங்களம்,

இந்தக் காலத்துப் பிள்ளைகள் மீனிடம்கூட வயசு கேட்கிறீர்கள். நேற்று வந்த மீன் இலாகாக்காரன், "தாய்க்கெண்டை கிழவியாயிடுச்சுலா, முட்டை நெறைய போடும், பொரிக்காது" என்றான். நீயும் தலையாட்டினாய்.

பாசியில் ஒட்டிய முட்டையெல்லாம் வெள்ளையாகப் பூத்துப் போனதை நானும் பார்த்தேன். அதற்கு வயசுதான் காரணம் என்று யார் கண்டது? மழைத் தண்ணீர் புகுந்திருக்கலாம். உன்னைப் பெற்றபோது உன் அம்மாவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான் பயமுறுத்தினார்கள். நீ என்ன குறைந்து போனாய்? அதனால்தான் நேற்று அவன் எதிரிலேயே கத்தினேன். உன்மேல் கோபம் இல்லை.

இந்த வருசமும் குஞ்சு பொரிக்காவிட்டால் குளத்தை விட்டுவிட்டு மறுபடி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டத்தான் போகவேண்டும். அது எனக்கும் தெரியும். கிழவியைப் பிடித்து சிமெண்டுத் தொட்டியில் விட்டிருக்கிறேன். மத்தியானம் மீன்காரன் ஆ சோங் வருவான், கொடுத்துவிடு. நீ சொன்ன இளம் தாய்மீன்களை முட்டைக்கு விடு.

சோறு பானையில் இருக்கிறது. நெத்திலிச் சம்பலை மூடி வைத்திருக்கிறேன். நீ தூங்கினாய், எழுப்பவில்லை.

அப்பா

ஆ சோங் கிழவியைத் தூக்குவதைப் பார்க்க எனக்கு மனசில்லை, பத்து காஜா டவுனுக்குப் போகிறேன். இளசுகள் போடுவதும் வெள்ளையாகத்தான் போகும், பார்.