குருவின் ஓலையும் கயல்வாய் மதகும்

நலம் பெருகுக. வெண்கோட்டு நாட்டையும் அதன் ஏரிகளையும் ஆளும் கோப்பெருமாட்டி வயமாதேவியார் திருவாய்மொழிந்தருள, ஓலைநாயகம் செங்கண் வேளான் எழுதி, தென்கரை நாற்பது ஊர் நாட்டாருக்கு விடுக்கும் ஓலை. உங்கள் வயல்களும் ஆநிரைகளும் கோயில்களும் குறைவின்றி வாழ்க.

கயல்வாய்ப் பேரேரியின் மதகுக் கண்காணியாகக் குமிழூர்ப் பூதி அமரனாரை அமர்த்தலாகாது என்று நீங்கள் விடுத்த விண்ணப்பத்தை அரசியார் மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். மூன்றாம் முறை அடியேனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. பழைய கண்காணி காலமாகிவிட்டார், நீர் திறக்க எட்டே நாள் இருக்கிறது. நாற்பது ஊர் நெல்லையும் ஒரு கையில் ஒப்படைக்கும்போது அது யார் கை என்று கேட்பது நியாயமே என்று அரசியார் உங்கள் அச்சத்தை மதித்தார்.

அமரனார் நம் ஏரியம்மனுக்குப் பொங்கல் வைப்பதில்லை என்ற முதற்குறையை மட்டும் அரசியார் தள்ளிவிட்டார். அம்மனுக்கு அதில் வருத்தம் இருந்தால் அவளே சொல்லட்டும் என்றார்.

மற்றக் குறை அப்படித் தள்ளக்கூடியதாக இல்லை. அமரனார் ஆற்றுக்கு அக்கரையில், வேற்று நாட்டில் உள்ள நீலப்பாறை மடத்து அடிகளாரின் சீடர். அம்மடத்துக்கு நம் கடைமடையில் எட்டு மா நிலம் உண்டு. உங்கள் தலைவர் ஆதன் திருமாலனார் சபையில் சொன்னதைச் சொன்னபடியே எழுதுமாறு ஆணை: "தாயே, ஆளு நல்ல ஆளுதான். ஆனா தலை இங்க இருக்கு, காது அக்கரையில இருக்கு. நாளைக்கு அந்தச் சாமியார் திறன்னா திறப்பாரு, மூடுன்னா மூடுவாரு. எங்க பயிரு என்னாகும்?"

இதற்குச் சான்றாக, அமரனாரின் பூசைப் பெட்டியிலிருந்து எடுத்த ஓலை ஒன்றைத் திருமாலனார் நீட்டினார். அடிகளார் கையெழுத்து. சென்ற கோடையில், அமரனார் சிறுமதகு காத்த நாளில், மடத்து நிலத்துக்கு அதன் நீர்முறைக்கு இரண்டு நாள் முன்பே நீர் விடச் சொல்லி எழுதியது. அதன்மேல் சந்தனம் காய்ந்திருந்தது. போதாக்குறைக்கு, அதன்பின் ஒரு மண்டலம் முழுவதும் அவர் விடியற்காலையில் பரிசலேறி அக்கரைக்குப் போய் வந்ததைப் பார்த்தவர்கள் ஒன்பது பேர். சபை கசகசவென்றது. அடியேனும் அவர் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

அரசியாரோ அவ்வோலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, இதைப் பூசித்தார் என்பது தெரிகிறது, இதன்படி நீர் விட்டாரா என்று கேட்டார். நாட்டாரே, பூசைப் பெட்டி வரை போனவர்கள் வயல் வரை போகவில்லை.

மடத்து நிலத்தை உழும் கோவன் அழைக்கப்பட்டான். "ஒரு சொட்டு வரலீங்க தாயே! எங்க முறை வர்றதுக்குள்ள எட்டு மாவும் கருகிப் போச்சு. நான் அவரை ஏசாத ஏச்சு இல்ல. மனுசன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு மதகு மேலயே நின்னாரு" என்று அவன் சொல்லும்போதே அழுதுவிட்டான்.

அரசியாருக்கு இது பெரும் வியப்பாயிற்று. குருவின் சொல்லை மீறியவர் அந்தச் சொல்லுக்கு ஏன் சந்தனம் சாத்த வேண்டும், மண்டலம் முழுவதும் அக்கரைக்கு ஏன் போக வேண்டும் என்று அமரனாரையே வினவினார். அவர், முறை ஊருக்கெல்லாம் பொது, அதை மாற்றத் தமக்கு உரிமையில்லை, ஆயினும் குருவின் கையெழுத்தைத் தூக்கி எறிய மனம் வரவில்லை என்றார். மறுநாளே மடத்துக்குப் போய், தங்கள் சொல்லை மீறினேன், தண்டனை தாருங்கள் என்று விழுந்தாராம். அடிகளார் கடுங்கோபத்தோடு, மடத்து நந்தவனம் முழுவதற்கும் ஒரு மண்டலம் குடம் சுமந்து நீர் வார்க்கப் பணித்தாராம். வார்த்தாராம்.

சொல்லைக் கேளாதவருக்குக் குரு எதற்கு என்று அரசியார் விடவில்லை. "தெரியலீங்க தாயே. அவர் சொன்னதைச் செய்யாத அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல. என் குரு அவர்தான்னு அதுலதான் தெரிஞ்சுது" என்றார் அமரனார்.

இவ்வளவில் முத்திரை இட்டிருக்கலாம். ஆனால் அரசியார் இன்னொன்று கேட்டார்: முறைக்கு மாறாக நாமே ஆணையிட்டால்? அடியேன் எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டேன். அமரனார், திறக்க மாட்டேன், தண்டனைக்கு வந்து நிற்பேன் என்றார். அரசியார் முகம் சிவந்தது, பொய் சொல்வானேன். எழுந்து உள்ளே போய்விட்டார். அரை நாழிகை கழித்துத் திரும்பியவர் முத்திரைமோதிரத்தைத் தாமே கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

ஆகவே ஆணை இது. பூதி அமரனார் இன்று முதல் கயல்வாய் மதகுக் கண்காணி. அவர் யாரைத் தொழுகிறார் என்று இனி யாரும் கேட்க வேண்டாம். முறைப்படி நீர் வந்ததா என்று கேளுங்கள். எடுத்த ஓலையை எடுத்த இடத்தில் வைத்துவிடுக. பின்னொரு நாள் நம் பெயராலோ, நமக்குப்பின் ஆள்வோர் பெயராலோ முறைக்கு மாறான ஆணை வந்து, அவர் அதை ஏற்காது நின்றால், அவரைப் பிடிக்க வரும் படைத்தலைவனிடம் இந்த ஆணையோலையைக் காட்டுக. வயமாதேவி அவர் பக்கம் நிற்கிறாள் என்று சொல்லுக.

ஏரியும் கரையும் உள்ளவரை இது செல்லும். அரசியார் திருக்கையால் இட்ட முத்திரை.